பத்தரை மணிக்கே போட்ட மை

அன்பு மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அவருக்கு முட்டி வலி, எனக்குப் பேசிப் பேசி வாய் வலி, அதைத் தவிர ஒரு குறையும் இல்லை, வலி மட்டும் இல்லாமல் மற்றபடி எங்களைப் போலவே நீயும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பல் செட் செய்கிற மேஜையின் இழுப்பறையில் மெழுகுக் கட்டிகளோடு வைத்துவிட்டார், இப்போது உன் கடிதத்தை எடுத்தால் மெழுகு வாசனை அடிக்கிறது. அவர் வேலை வழக்கம்போல்தான். ஒரு பெரியவர் செட் கடிக்கிறது என்று நாலாவது தடவையாக வந்து போனார், செட் கடிக்கவில்லை, வீட்டில் அவரோடு பேச ஆள் இல்லை, அதனால்தான் வருகிறார் என்று அப்பா சொல்கிறார், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எதையோ ஒரு ஓரம் ராவிக் கொடுத்து அனுப்புகிறார். மாடி வீட்டுத் தையல்காரம்மா உனக்குக் குளிருக்கு ஒரு மேல்சட்டை தைத்து வைத்திருக்கிறாள், அளவு நான்தான் சொன்னேன், நீ இளைத்திருந்தால் அது என் தப்பு இல்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. சரி, இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தடவை உன்னிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, போனில் சொன்னால் பாதியிலேயே நீ "விடும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன்னை ஆறு பேருக்குத் தலைவியாக்கியிருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, பஸ் டெப்போவில் ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது, பஸ் கழுவுகிறவர்கள் வரைக்கும் தெரியும். உனக்குக் கொடுத்த பயிற்சியில், உணர்ச்சியை எல்லாம் கோட்டோடு சேர்த்து வாசலில் மாட்டிவிட்டு உள்ளே வரவேண்டும், எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னார்களாமே. புது வேலைக்கு இரண்டு பேரில் யாரை அனுப்புவது என்று நீயும் அப்படித்தான் ஆளுக்கு ஐந்து தலைப்பில் மார்க் போட்டுக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். அம்மா, நீ இருபத்திரண்டு வருஷமா எப்படிச் சமாளிக்கிறே என்று கேட்டிருந்தாய். இந்தக் கடிதம் ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால், சட்டப்படி நட, யாருக்கும் வளையாதே, அம்மாவைப் பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதியிருப்பேன். நீ கேட்ட நேரம் அப்படி, நான் இப்போது அதை எழுதுகிற நிலையில் இல்லை.

என் ஜன்னலை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. டிரைவர்கள் வந்து கையெழுத்துப் போட்டு பஸ் சாவி வாங்கிக்கொண்டு போகிற ஜன்னல் அது. எனக்குப் பின்னால் நம்பர் போட்ட கொக்கிகளில் சாவிகள், முன்னால் மதிய ஷிப்டுக்கான ட்யூட்டி தாள். அந்தத் தாளைக் காலையில் பென்சிலில்தான் எழுதுவேன். யாருக்காவது அன்றைக்கு ரூட்டு மாற்ற வேண்டும் என்றால் பதினொரு மணிக்குள் வந்து கேட்பார்கள், நியாயமாக இருந்தால் அழித்து மாற்றுவேன். பதினொன்று அடித்ததும் பென்சில் எழுத்தின் மேல் மை போடுவேன், மை போட்ட நேரத்தைக் கடைசிக் கட்டத்தில் எழுதுவேன், அதற்கப்புறம் பெரிய அதிகாரியே வந்து நின்றாலும் மாற்ற முடியாது. இதோடு நானாக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம் ஒன்றும் உண்டு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு சாவி வாங்கிக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் உரசிவிட்டார், நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டே "என்ன சேதி?" என்று கேட்பேன், எதிரில் நிற்பவர் ஏதாவது சொன்னால்தான் சாவி. பையனுக்குப் பரீட்சை, வீட்டில் சண்டை, ராத்திரி தூக்கமில்லை, எதுவாக இருந்தாலும் குரலைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும், இவரை இன்றைக்கு எந்த ரூட்டில் விடலாம் எதில் விடக் கூடாது என்று. எக்ஸ்ரே அக்கா என்று எனக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கும், உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். விடியற்காலை எழுந்து இருபத்திரண்டு வருஷம் அங்கே ஓடினேனே, எதற்காக என்று யாராவது கேட்டால் அந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று சொல்லுவேன், சம்பளம் வேறு இடத்திலும் கிடைத்திருக்கும்.

புது மேலாளர் வந்து எட்டு மாதம் ஆகிறது. சின்னப் பையன், உன்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார், மரியாதையானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், வந்த முதல் வாரத்தில் ஓய்வறைக்கு இரண்டு மின்விசிறி போட்டவர். அவர் ஒரு பலகை மாட்டினார். நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வருகிறவர்களுக்கு நட்சத்திரம், லீவு எடுத்தால் ஒரு நட்சத்திரம் போகும், மாதக் கடைசியில் முதல் மூன்று பேர் படம் மாட்டப்படும். ஆர்வம் வரும் என்றார். வந்தது, எது வந்தது என்று கேள். நம் விசில்காரர் இருக்கிறாரே, ஓட்டும்போது மெதுவாக விசில் அடித்துக்கொண்டே போவார், பதினைந்து வருஷமாக ஒரு கீறல் கூட விழாமல் ஓட்டுகிறவர், யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் அரை நிமிஷம் நிற்பார். பலகை வந்த பிறகு நிற்பதில்லை. விசிலும் நின்றுபோயிற்று என்று அவருடைய கண்டக்டர் சொன்னார். நாலாவது இடத்துக்கு வந்தவர் மூன்றாவது இடக்காரரோடு பேசுவதில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்ல எல்லோருக்கும் பயம், என் ஜன்னலில் வந்து "ஒண்ணுமில்லக்கா, நல்லாயிருக்கேன்" என்று ஒரே பாட்டு. எனக்கும் அது எரிச்சல்தான், ஆனால் எரிச்சல் என்று அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

போன மாதக் கூட்டத்தில் மேலாளர் எல்லோரையும் உட்கார வைத்து, பஸ் தாமதமில்லாமல் கிளம்ப என்ன செய்யலாம், கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்றார். விசில்காரருக்கு எப்போதும் சபையைக் கலகலப்பாக்கிவிடும் வழக்கம், எழுந்து நின்று, "எக்ஸ்ரே அக்காவோட விசாரணையை நிறுத்தினாலே போதும் சார், ஆளுக்கு அஞ்சு நிமிஷம் மிச்சம், சாவி வாங்கப் போனா பொண்டாட்டி சமைச்சாளா இல்லையான்னு வரைக்கும் சொல்லவேண்டியிருக்கு" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேலாளரும் சிரித்துக்கொண்டே அதை நோட்டில் குறித்துக்கொண்டார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன், சிரித்தால் அந்தத் தண்ணீருக்கு வேறு காரணம் யாரும் தேட மாட்டார்கள் பார். அவர் கேலிக்குத்தான் சொன்னார், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சுருக்கென்றது. நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று மற்றவர்களுக்கு அஞ்சு நிமிஷ இடைஞ்சல் என்று தெரிந்தால் உனக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கூடச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து விசில்காரரிடம் மட்டும் நான் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்டேன், அவர் வந்தால் சாவியைத் தள்ளிவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. இரண்டு தடவை அவர் ஜன்னலில் கொஞ்சம் கூடுதலாக நின்றார், நான் நிமிரவில்லை. பத்தாவது நாள் சுழற்சியில் அவருக்கு ஏழாம் நம்பர் ரூட்டு வந்தது. ஏழாம் நம்பர் என்றால் நதிப் பாலத்தைத் தாண்டி, கிடங்குகளை எல்லாம் தாண்டி ஊருக்கு வெளியே போய்த் திரும்புவது, ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம், யாருக்கும் பிடிக்காது, எல்லோரும் அன்றைக்குத்தான் மாற்றிக் கேட்டு வருவார்கள். இவரும் வருவார் என்று எனக்குத் தெரியும். வந்தால் பென்சிலை எடுத்து அழித்து எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அவரும் ஏதாவது கேலி சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். அதை நினைத்தபோது மணி பத்தரை. நான் மைப் பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு பேராக மை போட்டு முடித்தேன். கடைசிக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதினேன்.

பத்து நாற்பதுக்கு அவர் வேகமாக வந்தார், சட்டையெல்லாம் வேர்வை, "அக்கா, இன்னைக்கு ரெண்டாம் நம்பர் கிடைக்குமா?" என்றார். "மை போட்டாச்சு" என்றேன். கடிகாரம் என் பக்கத்துச் சுவரில் இருக்கிறது, வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் பார்த்திருக்க மாட்டார், இத்தனை வருஷத்தில் என் மையை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. "ஐயோ, லேட்டாயிட்டேனா" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. குடும்பக் கதை சொல்கிற ஜன்னல் என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தவர் எப்படிச் சொல்லுவார்? நானும் கேட்கவில்லை. மதியம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து வயிற்று வலி, விடிகாலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். கவனித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். லீவு போட்டால் நட்சத்திரம் போகும், அவர் அந்த மாதம் இரண்டாவது இடத்தில் இருந்தார், அதனால் லீவு போடாமல் ரூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார். இரண்டாம் நம்பர் அரை மணிக்கு ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும், அந்த ஸ்டாண்டில் மாற்று டிரைவர் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார், ஏதாவது என்றால் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம். ஏழாம் நம்பரில் கடைசி ஸ்டாப்பில் திரும்பிக் கிளம்புகிற நேரத்தில் அவர் மைத்துனரிடமிருந்து போன். குடல்வால் வெடித்துவிட்டதாம், உடனே ஆபரேஷனாம். பஸ்ஸில் இருபத்தாறு பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். தகவல் சொல்லிவிட்டு மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி, மாற்று ஆள் வர ஒன்றரை மணி ஆகும். அவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்து, ஜனங்களைப் பார்த்து "மன்னிச்சுக்குங்க" என்று கும்பிட்டுவிட்டு, ஒரு சரக்கு வண்டியை மறித்து ஏறிப் போய்விட்டார். மனைவியைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டாள், இப்போது கஞ்சி குடிக்கிறாளாம். ஆனால் அந்த பஸ்ஸில் தேர்வுக்குப் போக வேண்டிய ஒரு பெண் இருந்தாள், உன்னைவிடச் சின்னவள், அவளுக்கு அந்த வருஷத் தேர்வு போயிற்று, அவள் அப்பா தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். மேலிடத்துக் கடிதம் வந்ததும் மேலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது, அன்றைக்கே விசில்காரரை நிறுத்திவைத்து உத்தரவு போட்டுவிட்டார். உணர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு முடிவெடுங்கள் என்று எங்களுக்குச் சொல்கிறவர்தான், அந்த உத்தரவை எழுதும்போது இரண்டு தாளைக் கெடுத்துக் கிழித்துப் போட்டார், நான் பார்த்தேன். பயமும் உணர்ச்சிதானே, அதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பயணிகளோடு பஸ்ஸை விட்டுவிட்டுப் போனால் வேலை போகும், அதுதான் விதி. வியாழக்கிழமை விசாரணை. எனக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. ட்யூட்டி ஒதுக்கீடு விதிப்படி நடந்ததா, ஆம் அல்லது இல்லை. டிரைவர் முன்கூட்டியே காரணம் ஏதும் தெரிவித்தாரா, ஆம் அல்லது இல்லை. இரண்டாவதற்கு இல்லை என்பதுதான் உண்மை. முதலாவதற்கு ஆம் என்று ஒரு கோடு போட்டால் முடிந்தது, தாளில் பதினொன்று என்றுதான் இருக்கிறது, என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. உதவி மேலாளர் பதவிக்கு என் பேரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள், உனக்கு அதைச் சொல்லலாம் என்று வேறு இருந்தேன். ஓய்வுக்கு முன்னால் ஒரு மூன்று வருஷம் நாற்காலியில் கௌரவமாக உட்காரலாம் என்று ஆசை, இல்லை என்று சொன்னால் பொய். அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த பல்லை ராவுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் "கேக்காத கேள்விக்கு நீ எதுக்கு பதில் சொல்றே? பஸ்ஸை விட்டுட்டு இறங்கினது அவர்தானே" என்றார். எனக்காகத்தான் சொன்னார், எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று. ஆனால் அந்த மேல்வரிசைப் பல்லை அவர் ராவி ராவி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார், புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

நான் நாலு நாளாக யோசிக்கிறேன். நான் அன்றைக்கு ஆத்திரப்பட்டுக் கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை, இன்றைக்கு இவள் சரியில்லை என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்கும், நானும் ஆறியிருப்பேன். நான் கத்தவில்லை. அமைதியாக உட்கார்ந்து அழகான கையெழுத்தில் மை போட்டேன். வலித்தது என்று ஒப்புக்கொள்ளாத வலி சட்டப் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருஷமாக யார் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தவளுக்குத் தன் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. உன் கடிதத்தில் ஒரு வரி எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. அந்த இரண்டு பேரில் ஒரு பெண்ணைப் பற்றி, ஒத்துழைப்பு என்கிற தலைப்பில் யோசிக்காமலே பத்துக்கு நாலு போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். மற்றதற்கெல்லாம் காரணம் எழுதிய நீ இதற்கு மட்டும் எழுதவில்லை. அவள் நல்லவளா கெட்டவளா எனக்குத் தெரியாது, நாலுதான் சரியாகவும் இருக்கலாம். ஆனால் யோசிக்காமலே கை எழுதிய எண்ணைப் பார்த்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அவள் எப்போதாவது உன்னை நாலு பேர் முன்னால் ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் உனக்கு வலித்ததில் தப்பே இல்லை, வலித்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் மார்க் போடு. மனசே இல்லாமல் வேலை செய்ய முடியாது கண்ணு, செய்ய முடிந்தால் நாமெல்லாம் எதற்கு, ஒரு கால்குலேட்டர் போதுமே. இதைப் புத்திமதியாக எடுத்துக்கொள்ளாதே, புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை. இன்றைக்குச் செவ்வாய். இத்தோடு நிறுத்துகிறேன், தபாலில் போடவில்லை, வியாழக்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்று சனிக்கிழமை. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். வியாழக்கிழமை காலையில் அப்பா கடையைத் திறக்காமல் சட்டை மாட்டிக்கொண்டு என்னோடு டெப்போ கேட் வரைக்கும் வந்தார், வழியெல்லாம் ஒழுகுகிற குழாயைப் பற்றியே பேசினார். விசாரணை அறையில் மேலாளர், தொழிற்சங்கச் செயலாளர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மா ஒருவர். விசில்காரர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சவரம் செய்யவில்லை, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. என் முறை வந்தபோது படிவத்தை நீட்டினேன், முதல் கேள்விக்கு இல்லை என்று கோடு போட்டிருந்தேன். அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு "தப்பா போட்டுட்டீங்கபோல" என்றாள். "தப்பா போட்டது தாள்லதாங்க, இதுல சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றேன். அப்புறம் சொன்னேன். பத்தரைக்கே மை போட்டேன், பதினொன்று என்று எழுதினேன், பத்து நாற்பதுக்கு அவர் வந்து கேட்டார், கொடுத்திருக்க வேண்டியது, கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு வலித்தது என்றேன். அந்த அறையில் இந்த வார்த்தையை அதற்கு முன்னால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், எழுதிக்கொண்டிருந்த கிளார்க் இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் மேலாளர் முகத்தைப் பார்த்தார். எழுதிக்கச் சொல்லுங்க என்று நானே சொன்னேன். தேர்வு தவறிய அந்தப் பெண்ணுக்கு நானும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன் என்றும் சொன்னேன், அதை எழுதி அனுப்பிவிட்டேன், அவளுக்கு வீணாகிப்போன வருஷம் திரும்பி வராதுதான்.

விசில்காரருக்கு வேலை போகவில்லை. பதினைந்து நாள் நிறுத்தம், ஒரு எழுத்து எச்சரிக்கை, அவ்வளவு. நிறுத்தி வைத்திருந்த நாளையே அதில் கழித்துக்கொண்டார்கள், நேற்றே திரும்பி வந்துவிட்டார். தாளில் பொய் நேரம் எழுதியதற்காக என்னை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பதவிக்கு அனுப்பிய பேரும் திரும்பி வந்துவிட்டது. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "உங்களைத்தாம்மா நான் எல்லாருக்கும் உதாரணமா சொன்னேன்" என்றார், பாவம், உண்மையாகவே மனசு உடைந்துதான் சொன்னார். "இனிமேலும் சொல்லலாம் சார்" என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன், உன் அம்மாவின் வாய் உனக்குத் தெரியுமே. இப்போது பஸ்ஸில் ஜனங்கள் விட்டுப்போகிற சாமான்களை வாங்கி வைக்கிற அறையில் இருக்கிறேன். ஒற்றைக் கையுறைகள், டிபன் பெட்டிகள், ஒரு முழு ஊன்றுகோல் கூட இருக்கிறது, ஊன்றுகோலை விட்டுவிட்டு எப்படி இறங்கிப் போனார் என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஜன்னல் இல்லாத அறை. ஜன்னல் போனது எனக்கு ஒரு கை போனது போலத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நேற்றுக் காலையில் பழக்கத்தில் கால் அந்தப் பக்கமே போயிற்று, அங்கே ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள், அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

விசில்காரர் எனக்கு நன்றி சொன்னார், நானும் அவரும் அழுதோம் என்று எழுதினால் உனக்குப் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. விசாரணை அறையில் நான் சொல்லி முடித்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். வேலை தப்பித்ததில் வந்த சந்தோஷம் அதில் துளிகூட இல்லை. அதுவரைக்கும் தான் தாமதமாக வந்ததால்தான் எல்லாம் நடந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர். நேற்று மாலை ஷிப்டு முடிந்து யாரோ பஸ்ஸில் விட்டுப்போன ஒரு குழந்தையின் புத்தகப் பையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நான் ரசீது எழுதினேன். வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சேயிருக்காது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. அவ உள்ள போனப்ப நான் பக்கத்துல இல்லாம போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா எனக்கு உங்க மேல கோபம் கோபமா வருதுக்கா. போறதுக்கு நாளாகும்" என்றார். "ஆகட்டும்" என்றேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றைக் கையுறைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுத பிறகு மனசு லேசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், லேசாகவில்லை, ஆனால் அது என் மனசு என்று தெரிந்தது.

மேல்சட்டை அடுத்த வாரம் பார்சலில் வரும், போட்டுப் பார்த்துவிட்டுக் கை நீளம் சரியாக இருக்கிறதா என்று தையல்காரம்மாவுக்கு நேராக எழுது, என் மூலம் சொன்னால் அவளுக்குக் கோபம். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை பார்க்கிறேன் என்று முதுகை வளைத்து உட்காராதே. அப்பாவுக்குக் கண் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறேன், நீயும் ஒரு வார்த்தை சொன்னால்தான் வருவார். நீ நூறு வயது வரைக்கும் நல்ல உடம்போடும் நல்ல மனிதர்களோடும் இருக்க வேண்டும், உன் கீழ் வேலை செய்கிறவர்கள் உன்னைப் பார்த்தால் பயமில்லாமல் பேச வேண்டும், அதுதான் நானும் அப்பாவும் உனக்குக் கொடுக்கிற ஆசீர்வாதம். பதில் எழுதும்போது ஒன்று செய். அம்மா, நீ செய்தது சரிதான் என்று எழுதாதே, தப்பு என்றும் எழுதாதே, அதை மூன்று பேர் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். நான் பேனாவை எடுத்து மை போட்டேன் என்று நீ படித்தாயே, அந்த இடத்தில் என் மேல் உனக்கு என்ன வந்தது, கோபமோ, வெறுப்போ, பரிதாபமோ, எது வந்ததோ அதை அப்படியே எழுது. தாங்கிக்கொள்வேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா